அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு

ஆனந்தராஜா அண்ணை கதிரையில் இருக்க நான் கண்டது மிகக் குறைவு. மெல்பேர்ணின் ஸ்பிரிங்வேலில் நாங்கள் இருவரும் வாடகைக்கு எடுத்திருந்த பின்வீட்டில் இரண்டு கதிரைகள் இருந்தன. ஒன்றில் நான் இருப்பேன். மற்றதில் அவருடைய கம்பளிச் சட்டை இருக்கும். அவர் குசினிக்கும் வாசலுக்கும் இடையில் நடந்தபடியே பாண் சாப்பிடுவார், நடந்தபடியே பல் விளக்குவார். காலையில் டண்டினொங் போகும் ரயிலுக்காகக் காத்து நிற்கையில், பிளாட்பாரத்தின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்கு எத்தனை காலடி என்பது அவருக்குக் கணக்காகத் தெரியும். ரயிலில் இடம் இருந்தாலும் கதவடியில்தான் நிற்பார்.

1976ஆம் ஆண்டின் குளிர்காலம் அது. அவருக்கு முப்பத்தொரு வயது. யாழ்ப்பாணத்துக் கரவெட்டிக்காரர். தொழில்நுட்பக் கல்லூரியில் எட்டு வருடம் தொழில்நுட்ப வரைதல் படிப்பித்துவிட்டு, மார்ச் மாதம் தனியே மெல்பேர்ணுக்கு வந்தவர். வந்து ஒரு மாதத்தில், மனைவி வைதேகி கர்ப்பமாக இருக்கும் செய்தி நீல விமானக் கடிதத்தில் வந்தது. அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்த நடை என்று அவர் சொல்லுவார். அதற்கு முன்பும் இப்படித்தான் என்று வைதேகி அக்கா பிற்பாடு எனக்குச் சொன்னார்.

ஏழு மாதம் கடந்த கர்ப்பிணியை விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்று கொழும்பில் டிக்கெட் போட்டுக் கொடுப்பவர் சொல்லியிருந்தார். வைதேகி அக்காவுக்கு அந்த எல்லை செப்டம்பர் நடுப்பகுதியில் வந்தது. விசா விண்ணப்பத்துக்கு வேண்டிய தாள்கள் எல்லாம் சேர்ந்துவிட்டன. மிச்சம் ஒன்றே ஒன்றுதான்: கணவருக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று வேலை கொடுத்தவர் தரும் கடிதம். அண்ணை வேலைக்குச் சேர்ந்தது மே மாதம். மூன்று மாதம் தகுதிகாண் காலம். ஜூலை முப்பதாம் திகதி, வெள்ளிக்கிழமை, அது முடியும். அன்று கடிதம் கைக்கு வந்தால் அக்கா வருவார். வராவிட்டால் பிள்ளை ஊரில் பிறக்கும், அதற்குப் பிறகு எத்தனை மாதம் பிரிந்திருப்பது என்று யாராலும் சொல்ல முடியாது.

நானும் அதே தொழிற்சாலையில்தான் வேலை செய்தேன். டண்டினொங்கில், தகரக் கூரை போட்ட, அலுமாரியும் மேசையும் செய்கிற இடம். அவர் மெஷினில், நான் களஞ்சியத்தில். முழங்காவிலில் வயல் செய்கிற எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் எடுத்தவன் நான். பேராதனையில் கணிதம். சான்றிதழைச் சட்டம் போட்டு, ஸ்பிரிங்வேல் வீட்டில் என் கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்தேன். களஞ்சியத்தில் கம்பி வலை அடித்த யன்னலுக்குப் பின்னால் நின்று ஆணியும் பசையும் கட்டரும் எடுத்துக் கொடுப்பது என் வேலை. அண்ணை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பட்டதாரி என்பார்.

அவர் ஓட்டியது ரவுட்டர். அதன் வாயில் கட்டரைப் பூட்டி மரத்தில் ஓடவிட்டால், நிமிடத்துக்கு இருபதினாயிரம் தரம் சுற்றி வெட்டிக்கொண்டு போகும். மரத்தில் என்ன உருவம் வரும் என்பதைத் தீர்மானிப்பது மெஷின் இல்லை, கட்டர்தான். நேர்க் கட்டர் போட்டால், தட்டுப் பலகை போய் இருக்கிற தவாளிப்பு விழும். கால்வட்டக் கட்டர் கூரான விளிம்பை உருட்டிவிடும். அடி விரிந்த கட்டர், இழுத்துத் திறக்கிற லாச்சியின் மூலைகளைக் கைகோத்த மாதிரிப் பூட்டும். வேலைக்கு எடுக்கும்போது போர்மன் மிர்கோ, ரவுட்டர் தெரியுமா என்று கேட்டாராம். அண்ணை ஓம் என்றுவிட்டார். அதற்கு முன் அவர் ரவுட்டரைத் தொட்டது ஒரே தரம், அதுவும் கல்லூரியில் கரண்ட் இல்லாத நேரம்.

ஆனால் மூட்டுகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. என் யன்னலுக்குக் கட்டர் கேட்டு வருகிற மற்றவர்கள் இலக்கம் சொல்வார்கள். அண்ணை தேயிலைப் பெட்டி அட்டையில் ஒரு படம் வரைந்து வலைக்கு அடியால் நீட்டுவார். அவர் மரத்தை வரைவதில்லை. மரத்திலிருந்து போகவேண்டிய துண்டைத்தான் வரைவார். "போறதின்ரை உருவம் தெரிஞ்சால் கட்டர் தெரியும் ஐசே" என்பார். நான் அந்த உருவத்தை லாச்சியிலிருக்கும் கட்டர்களோடு ஒப்பிட்டு எடுத்துக் கொடுப்பேன். ஒரு தரமும் பிழைத்ததில்லை.

பக்கத்து மெஷினில் ஸ்பைரோ என்று ஒரு கிரேக்கர். கால்வட்டக் கட்டரின் அடியில் ஒரு சின்ன முளை இருக்கும், அது மரத்தோடு உரசிக்கொண்டே வரும். கை ஒரு நொடி நின்றால் போதும், அந்த இடம் கருகிவிடும். ஸ்பைரோ வெட்டிய விளிம்பில் இருக்கும் கருகல்களை வைத்தே, அவர் சொல்லிக்கொண்டிருந்த கால்பந்தாட்டக் கதையில் எங்கெங்கே கோல் விழுந்தது என்று சொல்லிவிடலாம். அண்ணையின் விளிம்புகளில் கருகலே இராது. அவருக்குத்தான் ஓரிடத்தில் நிற்கத் தெரியாதே.

ஜூலை கடைசி வாரத்தில் ஒரு பள்ளிக்கூட நூலகத்துக்கு நாற்பது புத்தக அலுமாரிகள் செய்யும் வேலை வந்தது. அடுத்த திங்கட்கிழமை லொறியில் ஏறவேண்டும். எண்பது பக்கப் பலகைகள், ஒவ்வொன்றிலும் ஆறு தவாளிப்பு. தட்டுகளுக்குப் பன்னிரண்டு மில்லிமீற்றர் பிளைவுட். நாடு அப்போதுதான் அங்குலத்தை விட்டு மில்லிமீற்றருக்கு மாறிக்கொண்டிருந்தது. பலகை புது அளவில் வந்தது, என் லாச்சியில் கிடந்த கட்டர்கள் எல்லாம் பழைய அளவு. பன்னிரண்டு மில்லிமீற்றர் என்றால் அரை அங்குலம்தானே என்று மிர்கோ சொல்லி, அண்ணைக்கும் ஸ்பைரோவுக்கும் ஆளுக்கொரு புது அரை அங்குல நேர்க் கட்டர் கொடுக்கச் சொன்னார். டங்ஸ்டன் நுனி ஒட்டிய, விலை கூடிய கட்டர்.

அரை அங்குலம் என்பது பன்னிரண்டு அல்ல, பன்னிரண்டு புள்ளி ஏழு. அது எனக்கு அந்த நிமிடமே தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே லாச்சியிலிருந்த அத்தனை கட்டரையும் மில்லிமீற்றருக்கு மாற்றி, கொப்பியில் அட்டவணை போட்டு வைத்திருந்தேன். ஆனால் யாரும் வந்து என்னிடம் கேட்கவில்லை. கேளாத இடத்தில் படித்தவன் போய் வாயைக் கொடுப்பதா என்று இருந்துவிட்டேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு இரண்டு கட்டரையும் கொடுத்தேன்.

அண்ணை தன்னுடையதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கைலேஞ்சியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். மெஷினில் பழைய அரை அங்குலக் கட்டரையே பூட்டினார். அது வெறும் உருக்குக் கட்டர், ஐந்து தரம் சாணைக்குப் போய் வந்தது. தேநீர் நேரத்தில் ஏன் என்று கேட்டேன்.

"புதுசை ஏன் இண்டைக்கே பழசாக்குவான்? வெள்ளிக்கிழமை கடிதம் வரட்டும். நல்ல நாளிலை எடுப்பம்" என்றார்.

எனக்கும் அது பிழையாகப் படவில்லை. எங்கள் வீடுகளில் புதுப் பாய் விருந்தாளி வரும்வரை சுருட்டியே கிடக்கும். என் பெட்டியிலும் விலைச்சீட்டுக் கழற்றாத சேட் ஒன்று இருந்தது. போர்மன் இதைக் கொண்டு வெட்டு என்று சொன்னதை மீறுகிறோம் என்ற நினைப்பே எங்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை. செவ்வாய், புதன் இரண்டு நாளிலுமாக ஆளுக்கு இருபது பலகை வெட்டினார்கள், ஸ்பைரோ புதுசாலும் அண்ணை பழசாலும்.

வியாழக்கிழமை காலை மிர்கோ ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து பொருத்திப் பார்த்தார். அண்ணையின் பலகையில் அது உள்ளங்கையால் தட்டத் தட்ட இறங்கி அமர்ந்தது. கவிழ்த்துப் பிடித்தும் விழவில்லை. ஸ்பைரோவின் பலகையில் கலகலத்து ஆடியது. அடுத்த பலகையிலும் அப்படியே. இருபதிலும் அப்படியே.

மிர்கோ சத்தம் போட்டதைக் களஞ்சியத்திலிருந்தே கேட்டேன். மெஷினை நேராக ஓடவைக்கும் வழிச்சட்டத்தை இறுக்காமல் விட்டுவிட்டுக் கதை அளந்திருக்கிறாய் என்றார். இறுக்கித்தான் வைத்தேன் என்று ஸ்பைரோ சத்தியம் பண்ணினார். அதே புதுக் கட்டரால்தானே இவனும் வெட்டினான் என்று மிர்கோ அண்ணையின் பலகையை எடுத்துக் காட்டினார். மிச்சமுள்ள நாற்பது பலகையையும் ஆனந்தராஜாவே வெட்டட்டும் என்று சொல்லி, பன்னிரண்டு வருடம் அங்கே வேலை செய்த மனிதரை அரத்தாள் தேய்க்கும் மேசைக்கு அனுப்பினார்.

சிறிது நேரத்தில் அண்ணை என் யன்னலுக்கு வந்தார். பசை டின் ஒன்று கேட்டார். டின்னை நீட்டினேன், அவர் வாங்கவில்லை.

"பட்டதாரி, பழைய கட்டரின்ரை அளவு என்ன?"

கொப்பியைப் பார்க்காமலே சொன்னேன். ஒவ்வொரு சாணைக்கும் கட்டரின் விட்டம் கொஞ்சம் குறையும். ஐந்து சாணைக்குப் பிறகு அது பன்னிரண்டு புள்ளி ஒன்று. புதுசு பன்னிரண்டு புள்ளி ஏழு. ஸ்பைரோ பிழை விடவில்லை. அவர் கையில் கொடுத்த கட்டர்தான் பிழை. அண்ணை பிழையான காரணத்துக்காகச் சரியான கட்டரைப் பூட்டியிருக்கிறார்.

"எப்ப தெரியும் உமக்கு?"

"முதலே தெரியும் அண்ணை."

அவர் யன்னலுக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார். அந்தப் பக்கம் ஐந்து அடி, இந்தப் பக்கம் ஐந்து அடி. அவர் மனதில் ஓடியது எனக்கும் ஓடியது. பழைய கட்டர் மழுங்கிவிட்டது. இன்னொரு சாணை பிடித்தால் பன்னிரண்டுக்குக் கீழே போய்விடும், தட்டு உள்ளே இறங்காது. புதுசால் வெட்டினால் ஆடும். எப்படியும் இது வெளியில் வரத்தான் போகிறது. ஆனால் மெல்ல மெல்ல வெட்டிக்கொண்டிருந்தால் நாளைப் பின்னேரம் வரைக்கும் வராது. கடிதம் நாளை மத்தியானம். போர்மன் கொடுத்ததை ஒளித்து வைத்துவிட்டு வேறொன்றால் வெட்டினேன் என்று இன்றைக்குப் போய்ச் சொன்னால், தகுதிகாண் காலத்திலிருக்கும் ஒருவனுக்கு யார் கடிதம் கொடுப்பார்கள்?

"ஒரு நாள் அண்ணை. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பேசாமல் இருங்கோ" என்றேன்.

அவர் நின்றார். "அவன் அங்கை தாள் தேய்க்கிறான்" என்றார். பிறகு போய்விட்டார்.

நான் யன்னலை விட்டு வெளியே வந்து பார்த்தேன். அண்ணை மிர்கோவின் மேசைக்குப் போய், சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து அவிழ்த்து, கட்டரை வைத்தார். நுனியில் தூசு படாத கட்டர். நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னார். மிர்கோ அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்டார். அண்ணைக்கு எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் வந்தது, இதற்கு மட்டும் வரவில்லை. புதுசு, அதனால் வைத்திருந்தேன் என்றார். நல்ல நாள் வரட்டும் என்று பார்த்தேன் என்றார். சொல்லச் சொல்ல அது இன்னும் மோசமாகக் கேட்டது. மிர்கோவின் முகம் இறுகிக்கொண்டு போனது.

அரத்தாள் மேசையிலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. ஸ்பைரோ. தன் அம்மாவின் வீட்டு முன்னறையில் இருக்கும் கதிரைகளில் கடைக்காரன் போட்ட பிளாஸ்ரிக் உறை இன்னும் இருக்கிறது, பதினைந்து வருடமாக ஒருத்தரும் அதில் இருந்ததில்லை, பெற்ற மகன் இருந்தால்கூட அடிப்பார் என்று சொல்லிச் சிரித்தார். காலையில் தனக்கு விழுந்த பேச்சை அவர் அதற்குள் மறந்துவிட்டார் போலிருந்தது. மிர்கோ சிரிக்கவில்லை. நேரே என்னிடம் வந்து வேணியர் கருவியைக் கேட்டார். இரண்டு கட்டரையும் அளந்தார். நான் சொன்ன அளவுதான் வந்தது.

இது உனக்குத் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். ஏன் சொல்லவில்லை என்றார். யாரும் கேட்கவில்லை என்றேன். அதைச் சொல்லி முடிக்கும்போதே, என் கட்டிலுக்கு மேலே தொங்கும் சட்டத்தை நினைத்துக் கூச்சமாக இருந்தது. மிர்கோ என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பின்னால் நின்ற அண்ணை தமிழில் சொன்னார்: "இனிமேல் கேளாமலே சொல்லும் ஐசே."

பன்னிரண்டு மில்லிமீற்றர் கட்டர் நகரத்திலிருந்து வர ஒரு கிழமை ஆகும். அலுமாரிகள் திங்கட்கிழமை போகவேண்டும். மிர்கோ தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அண்ணை அட்டையை எடுத்தார். பன்னிரண்டு அகலத்தில் ஒரு பெட்டி வரைந்தார், மரத்திலிருந்து போகவேண்டிய துண்டு. அதற்குள் ஒன்பதரை அகலத்தில் இன்னொரு பெட்டி. அதே பெட்டியைக் கொஞ்சம் தள்ளி மறுபடியும். எட்டில் மூன்று அங்குலக் கட்டர் ஒன்பதரை மில்லிமீற்றர். ஒரு தரம் ஓட்டிவிட்டு, வழிச்சட்டத்தைச் சற்றுத் தள்ளி இரண்டாம் தரம் ஓட்டினால் சரி. எவ்வளவு தள்ளுவது என்பதுதான் கேள்வி. மயிரிழை பிசகினாலும் பழைய கதைதான்.

இந்தத் தரம் நான் கேளாமலே சொன்னேன். குசினி மேசைகளுக்கு ஒட்டுகிற லமினேட் தகட்டின் தடிப்பு ஒன்று புள்ளி மூன்று. தொழிற்சாலை முழுக்கத் துண்டு துண்டாகக் கிடக்கிறது. இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வழிச்சட்டத்துக்கு அணைத்து வைத்து முதல் ஓட்டம், உருவிவிட்டு இரண்டாவது. பன்னிரண்டு புள்ளி ஒன்று வரும். அண்ணை ஒரு தவாளிப்பு வெட்டிக் காட்டினார். தட்டு அமர்ந்தது. இரட்டை வேலை என்று மிர்கோ முணுமுணுத்தார். தான் நிற்கப்போவதில்லை என்று அண்ணை சொன்னார். அது உண்மைதான்.

ஸ்பைரோவைத் திரும்ப மெஷினுக்குக் கூப்பிட்டார்கள். அவர் முன்பு வெட்டிய ஆடும் பலகைகளுக்கு, தட்டு நுனியில் மெல்லிய மர ஏட்டை ஒட்டிச் சமாளித்தார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் வரை இரண்டு ரவுட்டரும் ஓயவில்லை. மத்தியானம் கடந்தது, கடிதம் வரவில்லை. அண்ணை தேநீருக்கும் போகவில்லை. கடைசிப் பலகை முடிந்தபோது நாலரைச் சங்கு ஊத இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மிர்கோ அலுவலக அறைக்குள் இருந்தார். கதவு சாத்தியிருந்தது. சங்கு ஊதியது. கதவு திறக்கவில்லை. போய்க் கேளுங்கோ என்றேன். "நான் கேக்க மாட்டன்" என்றார்.

அந்தச் சனியும் ஞாயிறும் போனது எப்படி என்று சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணை மழைக்குள் நோபிள் பார்க் வரை நடந்து போய் நடந்தே திரும்பினார். வைதேகி அக்காவுக்கு எழுதத் தொடங்கிய நீலக் கடிதத்தில் திகதி மட்டும் இருந்தது. என்ன எழுதலாம் என்று என்னிடம் கேட்டார். பதிலை எதிர்பார்க்காமல் மறுபடியும் வாசலுக்கு நடந்தார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு லொறி போனது. அது வீதியில் திரும்பியதும் மிர்கோ அண்ணையைக் கூப்பிட்டு இரண்டு உறைகளைக் கொடுத்தார். இரண்டும் உனக்குத்தான், இரண்டும் நியாயம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணை என் யன்னலுக்கு வந்து முதல் உறையைப் பிரித்தார். அது எச்சரிக்கைக் கடிதம். கொடுத்த கருவியைப் பாவிக்காமல் வேறொன்றைப் பாவித்தது, மறுமுறை நடந்தால் வேலை நீக்கம். அவர் அசையாமல் நின்று வாசித்தார். அவர் அசையாமல் நின்றதை நான் கண்டது அதுதான் முதல் தரம். கால் இரண்டும் நிலத்தில் பூட்டியது போல இருந்தன. மற்ற உறையை அவர் பிரிக்கவில்லை. நான் வலைக்கு அடியால் கையை நீட்டி எடுத்துப் பிரித்தேன். நிரந்தர நியமனம். வெள்ளிக்கிழமைத் திகதியே போட்டிருந்தது. வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார். முடித்தபோது அவர் அந்தப் பக்கம் ஐந்து அடி போயிருந்தார்.

புதுக் கட்டரை அன்றே களஞ்சியத்தில் திருப்பித் தந்தார். 12.7 என்று சீட்டு எழுதி லாச்சியில் வைத்தேன். அடுத்த இரண்டு நாளும் மற்ற எல்லாக் கட்டருக்கும் அப்படியே எழுதி ஒட்டினேன். மிர்கோ சொன்ன வேலை, ஆனாலும் அவர் சொல்லாவிட்டாலும் செய்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை காலை அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு அண்ணை நகரத்துக்குப் போனார். குடிவரவு அலுவலகம் திறக்க ஒன்றரை மணி நேரம் இருந்ததாம். அந்தக் கட்டிடத்தைச் சுற்றி எத்தனை காலடி என்பதும் இப்போது அவருக்குத் தெரியும். அதன்பின் ஐந்து கிழமை, தினமும் வேலை முடிந்து வந்ததும் கடிதப் பெட்டி, பிறகு கலண்டர், பிறகு நடை. எச்சரிக்கைக் கடிதம் குசினி லாச்சியில் கிடந்தது. ஒரு சனிக்கிழமை ஸ்பிரிங்வேலில் தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்சாரக் கேத்தில் ஒன்று வாங்கி வந்தார். நாங்கள் தகர ஜக்கில் தண்ணீர் சுடவைத்துக் குடித்துக்கொண்டிருந்தோம். அந்தக் கேத்தில், பெட்டி பிரிக்காமலே அலுமாரிக்கு மேலே ஏறியது.

வைதேகி அக்கா செப்டம்பர் ஒன்பதாம் திகதி வந்து இறங்கினார். எல்லைக்கு ஆறு நாள் மிச்சம் இருந்தது. வீட்டுக்குள் வந்து, கம்பளிச் சட்டையை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு, அந்தக் கதிரையில் இருந்து மூச்சு வாங்கினார். அண்ணை தகர ஜக்கில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்துவிட்டு, குசினிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அக்கா நிமிர்ந்து அலுமாரியைப் பார்த்தார்.

"உது ஏனப்பா பெட்டிக்கை கிடக்குது?"

"நீ வரட்டும் எண்டு வைச்சிருக்கிறன்."

"நான் வந்திட்டனே" என்றார் அக்கா.

அண்ணை ஒரு கணம் யோசித்தார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, கதிரை போடாமல் எம்பி, பெட்டியை இறக்கினார்.